கார்ப்பரேட்டரில் பெட்ரோல் ஓஸ், வேக்குவம் ஓஸ்: எது எங்கே?

தண்டையார்பேட்டை வாசி:
வணக்கம். என் பழைய 150 சிசி பைக்கின் கார்ப்பரேட்டரைச் சுத்தம் செய்து, விறைத்துப்போன ஓஸ்களுக்குப் பதில் புதியவற்றை மாட்டியிருக்கிறேன். பெட்ரோல் காக்கில் (டேங்கின் அடியிலுள்ள பெட்ரோல் குழாய்த் திருகில்) ஆன், ரிசர்வ், பிரைம் (என்ஜின் உறிஞ்சாமலேயே பெட்ரோல் பாயும் நிலை) ஆகியவை மட்டுமே உண்டு; ஆஃப் கிடையாது. காக்கின் தடித்த ஓஸைக் கார்ப்பரேட்டரின் பித்தளை நிப்பிளிலும் (ஓஸ் மாட்டும் முனை), மெல்லிய ஓஸை அதன் மேல்புற நிப்பிள் ஒன்றிலும் இணைத்தேன். பிரைமில் வண்டி ஓடுகிறது. ஆனில் வைத்தால் சிறிது தூரத்திலேயே அடங்கிவிடுகிறது. ஐடிலிங்கும் ஏறி இறங்குகிறது. ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் வெடிச் சத்தம் வருகிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி நின்றுவிடுமோ என்று அச்சமாக இருக்கிறது. எதை மாற்ற வேண்டும்?

வியாசர்பாடி மெக்கானிக்:
அண்ணா, நீங்கள் சொன்ன தொல்லைகள் அனைத்துக்கும் ஒரே காரணம்தான் என்று தோன்றுகிறது. மெல்லிய ஓஸை மாட்டியிருக்கும் மேல்புற நிப்பிள் வென்ட்; அது ஃப்ளோட் சேம்பருக்குள் (கார்ப்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) வெளிக்காற்று போக வேண்டிய வழி என்பதால் திறந்தே இருக்க வேண்டும். வேக்குவம் நிப்பிள், திராட்டிலுக்கும் (ஆக்சிலேட்டரால் திறக்கும் காற்று வழி) என்ஜினுக்கும் இடையில், பெரும்பாலும் கார்ப்பரேட்டரை என்ஜினோடு இணைக்கும் குழாயான மேனிஃபோல்டின் மீதே இருக்கும். என்ஜின் இழுக்கும்போது அங்கே உண்டாகும் உறிஞ்சல்தான் காக்கிலுள்ள டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வை இழுத்துப் பெட்ரோலுக்கு வழிவிடுகிறது. உறிஞ்சல் காக்குக்குப் போகாததால் ஆனில் பெட்ரோல் வரவில்லை; வேக்குவம் நிப்பிள் மூடப்படாமல் இருப்பதால் அதன் வழியே காற்று புகுந்து, கலவை மெலிந்து, ஐடிலிங் தடுமாறுகிறது. மெல்லிய ஓஸை அங்கே மாற்றுங்கள். சேம்பரின் அடியிலுள்ள டியூப் தரையை நோக்கித் தொங்கட்டும், அதை எதனுடனும் இணைக்க வேண்டாம்.

மாட்டும் முன் காக்கையும் சோதித்துவிடுங்கள். என்ஜின் ஆறியபின், நெருப்பில்லாத இடத்தில், தடித்த ஓஸின் நுனியைப் பாட்டிலுக்குள் விட்டு, காக்கை ஆனில் வைத்து, மெல்லிய ஓஸில் ஊசி போடும் சிரிஞ்சைச் செருகி இழுங்கள். இழுத்துப் பிடித்திருக்கும்வரை பெட்ரோல் ஒழுக வேண்டும், விட்டதும் நின்றுவிட வேண்டும். சிரிஞ்சுக்குள்ளேயே பெட்ரோல் வந்தால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது; அப்படியே ஓட்டினால் பெட்ரோல் என்ஜினுக்குள் இறங்கும்.

காசிமேடு வாசகர்:
ஓஸ் வாங்கும்போது, பெட்ரோலுக்கென்றே வரும் ரப்பர் ஓஸாகக் கேட்டு வாங்குங்கள். பளபளக்கும் பிளாஸ்டிக் டியூப் விரைவில் இறுகி, நிப்பிளின் விளிம்பில் வெடித்துவிடும். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருவதால் இதில் கூடுதல் கவனம் தேவை. எங்கள் பக்கத்து உப்புக் காற்றில் கம்பிக் கிளிப்பும் துருப்பிடித்து இளகிவிடும் என்பதால், அதையும் புதிதாகப் போடுவது நல்லது.

வியாசர்பாடி மெக்கானிக்:
ஒன்றை விட்டுவிட்டேன் அண்ணா. வண்டியைப் பிரைமிலேயே நிறுத்தி வைக்காதீர்கள். சேம்பருக்குப் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் ஃப்ளோட் ஊசி சரியாக அமராவிட்டால் இரவெல்லாம் பெட்ரோல் கசிந்து என்ஜின் ஆயிலில் கலந்துவிடும். இதுவரை அப்படி நிறுத்தியிருந்தால் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். அளவு ஏறியிருந்தாலோ பெட்ரோல் வாடை அடித்தாலோ ஆயிலை மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.