பத்தமடையும் கன்னடியன் காலும்: சுவர்ப்படத்துக்கு விவரம் வேணும்

கோரைக்காடு:
திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் ஒரு பள்ளிக்கூடச் சுவரில் எட்டடிக்கு நாலடியில் ஊர்ப்படம் வரைகிறோம். ஆறு, கால் (வாய்க்கால்), குளம், ஊர்ப் பேர் சொல்கிற கோரைப்பாய் எல்லாம் வரணும். மூணு சந்தேகம் இருக்கு. கன்னடியன் காலை எங்கே தொடங்குவது? பத்து மடை (காலிலிருந்து வயலுக்குத் தண்ணி திறக்கும் வாய்) இருந்ததால் பத்தமடை என்று எழுதலாமா? மேலே தண்ணி ஓடும்போது கடைமடை ஏன் காயுது, அதைப் படத்தில் எப்படிக் காட்டுவது?

பிசானம்:
தம்பி, மேற்கே பொதிகையில் ஆரம்பிங்க. தாமிரபரணியில் அணைக்கட்டு, அதாவது ஆற்றை மறித்துத் தண்ணியைக் காலுக்குத் திருப்புகிற கட்டு, 8, அதில் பிரிகிற கால் 11, மொத்தப் பாசனம் 86,107 ஏக்கர். மேலேயிருந்து வரிசை: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசி ஒண்ணுதான் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டு, 1873-இல் முடிந்தது. மற்ற ஏழும் அதுக்கு முந்தினது.

கன்னடியன் கால் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஆற்றின் தென்கரையில் பிரிந்து, வீரவநல்லூர், சேரன்மகாதேவி தாண்டிப் பத்தமடைக்கு வரும். 12,500 ஏக்கர் பாசனம். பாளையங்காலோடு குழப்பிக்காதீங்க, அதுவும் தென்கரைதான், ஆனா பழவூர் அணைக்கட்டில் பிரிந்து பாளையங்கோட்டைப் பக்கம் போவது. வெள்ளாங்குழியில் பிரிகிற புதுக்கால் வேற. அது 2009-இல் வேலை தொடங்கின கருமேனியாறு, நம்பியாறு இணைப்பு. வெள்ளம் மிஞ்சினால்தான் அதுக்குத் தண்ணி. புள்ளிக்கோடாப் போடுங்க.

பேர் விஷயத்தில், "பத்து மடை என்று ஊரில் சொல்வார்கள்" என்பதோடு நிறுத்துங்க. இன்றைக்கு நிற்கிற மடைகளை எண்ணி நிரூபிக்கப் போனால் கணக்கு உதைக்கும். காலை வெட்டினவர் கதையும் அப்படித்தான். கன்னடம் பேசுகிற ஒருத்தர் அகத்தியர் சொன்னபடி பசு பின்னால் போனார், பசு போன தடமே கால், படுத்த இடம் குளம் என்பார்கள். ஆண்டு எதையும் ஒட்டவைக்காதீங்க. ஆனா கதையில் ஒரு சூட்சுமம் இருக்கு. மேயுற மாடு செங்குத்தா ஏறாது, சரிவை ஒட்டியே சுத்திப் போகும். மட்டம் பிடித்து வெட்டின காலும் அப்படித்தான் வளையும். படத்தில் ஸ்கேல் வைத்து நேர்கோடா இழுத்துடாதீங்க.

மறுகால்:
மூணாவது கேள்விக்கு ஒரு குறுக்குவெட்டுப் படம் போட்டாலே பாதி விளங்கிடும். வடக்கே பள்ளத்தில் ஆறு, தெற்கே சரிவின் மேல்வரம்பில் கால், ரெண்டுக்கும் நடுவில் நஞ்சை. காலுக்குத் தெற்கே மேடு, தண்ணி தானா ஏறாது, அதெல்லாம் புஞ்சை. மண்ணைக் கொட்டிக் கட்டின கரை வடகரைதான், அதனால் உடைப்பு எடுத்தால் வயல் பக்கம்தான் எடுக்கும். தென்புறம் மழைக்கு ஓடைத்தண்ணி காலுக்குள்ளேயே விழும், மணலும் கூடவே வரும். மணல் திட்டாகிற இடத்தில் தண்ணி விளிம்பு தட்டி நிற்கும், கீழே போகாது.

கடைமடை காய முதல் காரணம் அமலைச்செடி, தண்ணியில் படர்கிற களை. பாலத்துக் கண்ணில் வந்து அடைச்சதும் மேல்புறம் நீர்மட்டம் ஏறும், ஏறினதும் மேலே உள்ள மடைகள் தேவைக்கு மேல் குடிக்கும். அப்புறம் மடைப்பலகையை ஏற்றி இறக்குகிற திருகு. திருகுக்கம்பி துருப்பிடிச்சுப் பலகை பாதியில் நின்னுட்டா மடை ராத்திரியும் ஓடும். கிரீஸ் ஒரு கை வைக்காததுக்குக் கீழே நாத்து கருகும்.

கார் போக நெல்லுக்குத் தண்ணி ஜூன் வாக்கில் திறப்பது வழக்கம், அணையில் இருப்பைப் பார்த்துத் தள்ளியும் போகும். ஆகவே தூர் எடுப்பதும் திருகு சரிபண்ணுவதும் ஏப்ரல், மேயில் கால் காய்ந்து கிடக்கும்போதே முடியணும். அமலையை வேரோடு வாரிக் கரைக்கு அந்தப்புறம் கொட்டணும். கரைச்சரிவிலேயே போட்டுவிட்டுப் போனால் முதல் தண்ணியிலேயே திரும்ப இறங்கி அடுத்த பாலத்தில் அடைச்சுக்கும்.

பாவுநூல்:
பாயைத் தனியா ஒரு மூலையில் வரையாதீங்க அண்ணாச்சி. அதுவும் தண்ணிக் கதைதான். ஆத்தங்கரைக் கோரையை அறுத்து, பச்சையாவே நெடுக்கக் கீறி, உள்சோத்தை (தண்டுக்குள் இருக்கும் மெத்தென்ற பகுதி) எடுத்துட்டு, காயவெச்சு, ஓடுற தண்ணியில் சில நாள் ஊறப்போடணும். தேங்கின தண்ணியில் போட்டால் கறுத்து அழுகும். ஊறி உப்பினதை மறுபடி காயவெச்சு இன்னும் மெலிசாக் கீறுவார்கள். பாவு (நெடுக்கே ஓடுவது) பருத்தி நூல், ஊடு (குறுக்கே போவது) கோரை. மெலிசா, நெருக்கமா நெய்த பாயைத்தான் பட்டுப்பாய் என்பார்கள். லெப்பை வீடுகளில் பெரும்பாலும் பெண்கள் கைவேலை. தறியில் இருக்கிற பாயை வரையுங்க. சுருட்டி வெச்ச பாய் எந்த ஊர்ப் பாய்ன்னு யாருக்குத் தெரியும்?

கோரைக்காடு:
நன்றி அண்ணாச்சிகளே. கார், பிசானம் ரெண்டு நெல்போகத்தையும் ஒரே படத்தில் காட்டலாமா?

பிசானம்:
காட்டலாம். மலைமேல் ரெண்டு மேகம் போடுங்க. மேற்கேயிருந்து வருவது தென்மேற்குப் பருவம், ஜூன் தொட்டு, அது கார். கிழக்கேயிருந்து வருவது ஐப்பசி, கார்த்திகை மழை, அது பிசானம். பாபநாசம் அணையை 143 அடின்னு குறிச்சு மலையடிவாரத்தில் வையுங்க, பலர் அதையும் அணைக்கட்டு வரிசையில் சேர்த்து ஒன்பதுன்னு எண்ணிடுறாங்க.