தினமும் வேலைக்கு இடுப்பில் வைத்துக்கொள்ள கனமான மடக்குக் கத்தி: எதை வாங்கலாம்?

சொட்டுநீர்க்காரன்:

வணக்கம். பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்புகளுக்குச் சொட்டுநீர்க் குழாய் போடும் வேலை செய்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை கத்தி கையில் வேண்டும். 16 மில்லிமீட்டர் குழாயை வெட்ட, பிவிசி பைப்பை ரம்பத்தால் அறுத்த பிறகு வாயில் நிற்கும் பிசிறைச் சீவ, உர மூட்டை பிரிக்க, நைலான் கயிறு அறுக்க, எல்லாவற்றுக்கும் ஒரே கத்திதான்.

போன மாதம் வரை ஆன்லைனில் 350 ரூபாய்க்கு வாங்கிய ஒரு மடக்குக் கத்தி இருந்தது. கறுப்பாக, நல்ல கனமாக, முதுகில் பல் எல்லாம் வைத்திருந்தார்கள். இரண்டரை அங்குல மெயின் பைப்பின் வாயைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது பூட்டு நழுவி, அலகு அப்படியே மடங்கி ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. நான்கு தையல், பத்து நாள் கூலி போயிற்று.

இனிமேல் மலிவுச் சரக்கு வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டேன். ஐயாயிரம், ஆறாயிரம் ஆனாலும் சரி, பத்து வருஷம் வர வேண்டும். பக் 110, ஓப்பினெல் எட்டாம் நம்பர் இரண்டையும் பலர் சொல்கிறார்கள். கனமாக இருந்தால்தானே உறுதியாக இருக்கும்? அப்புறம் இன்னொரு சந்தேகம். பஸ்ஸில் போகும்போதோ ஆழியார் செக்போஸ்டிலோ பையைப் பார்த்தால் பிரச்சினை வருமா?

ஆனைமலை மோட்டார்:

தம்பி, கத்தியைப் பிறகு பார்ப்போம். விரலை முழுக்க மடக்கி நீட்ட முடிகிறதா? நுனி மரத்துப்போன மாதிரி இருந்தால் தையல் பிரித்ததோடு விட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் மறுபடி காட்டுங்கள். விரலின் உள்பக்கம் நரம்பும் தசைநாரும் தோலுக்கு ரொம்பப் பக்கத்தில் ஓடுகின்றன.

நான் பம்ப்செட் மெக்கானிக். 2009-இலிருந்து ஒரு பக் 110 என் பெல்ட்டில் இருக்கிறது, மைத்துனர் அமெரிக்காவிலிருந்து வந்தபோது வாங்கிவந்தது. ஒன்பதரை சென்டிமீட்டர் அலகு, பிடியின் இரண்டு முனையிலும் பித்தளை, நடுவில் கருநிற மரம். எடை 200 கிராம். 1964-இல் வந்த வடிவம் இன்றும் பெரிதாக மாறாமல் அப்படியே வருகிறது.

ஆனால் கனமாக இருந்தால் உறுதி என்பதை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் பழைய கத்தியும் நல்ல கனம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கனம் எல்லாம் பிடியில் இருந்தது, விரலைக் காப்பாற்ற வேண்டிய பூட்டில் இல்லை.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது பிடிக்குள் ஒரு மெல்லிய தகடு வளைந்து வந்து அலகின் அடியில் முட்டுக்கொடுக்கும் வகையாக இருக்க வேண்டும். நன்றாகச் செய்தால் அதுவும் நல்ல பூட்டுதான். மலிவுக் கத்தியில் தகடு மெலிசாக இருக்கும், அலகின் அடியை ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். பைப்பின் வாயைச் சுற்றிச் சுரண்டும்போது கை முறுக்குகிறது, பிடியும் சேர்ந்து முறுக்குகிறது. அந்த முறுக்கில் தகடு ஒரு நூல் விலகினால் போதும், அலகு மடங்கிவிடும்.

பக்கில் இருப்பது பின்பூட்டு. பிடியின் முதுகில் நெம்புகோல் மாதிரி ஒரு இரும்புக் கட்டை, அதன் மூக்கு அலகின் அடியில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் போய் உட்காரும். அடியில் ஒரு வில் (ஸ்ப்ரிங்) அதை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். முறுக்கு தாங்கும் என்பதால் நம் வேலைக்கு எனக்கு இதுதான் பிடிக்கும். ஓப்பினெலில் ஒரு இரும்பு வளையம் இருக்கிறது. அலகைத் திறந்து வளையத்தைத் திருப்பினால் மடங்கும் வழி அடைபட்டுவிடும். 1890-இலிருந்து பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் செய்யப்படும் கத்தி அது. 1955-இல்தான் அந்த வளையம் சேர்ந்தது.

பின்பூட்டிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும், இது தென்னந்தோப்பில் வேலை செய்கிறவர்களுக்கு ரொம்ப முக்கியம். பக்குக்கு முன்னால் என்னிடம் வேறொரு பின்பூட்டுக் கத்தி இருந்தது. ஒருநாள் நார் மில்லில் மோட்டார் கழற்றிக்கொண்டிருந்தேன். கத்தியைத் திறந்தேன், அலகு நேராக நின்றது, ஆனால் வழக்கமாகக் கேட்கும் ‘டக்’ சத்தம் கேட்கவில்லை. ஏதோ உறுத்தலாக இருந்ததால் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பூட்டு உட்காரும் பள்ளம் முழுக்க நார்த்தூள், எண்ணெயோடு சேர்ந்து அரக்கு மாதிரி இறுகிக் கிடந்தது. மூக்கு பாதிதான் உள்ளே போயிருந்தது. பிடியில் முதுகுக்கட்டை அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றதை விரல் வைத்துத் தடவியபோதுதான் தெரிந்தது. கீழே கிடந்த ஓலையிலிருந்து ஈர்க்குச்சி ஒன்றை உருவி, நுனியைச் சீவி, அந்தப் பள்ளத்தைச் சுரண்டி எடுத்தேன். இன்றைக்கும் வாரம் ஒருமுறை அதே ஈர்க்குச்சி வைத்தியம்தான். இரும்பு ஊசி போட்டால் பள்ளத்தின் ஓரம் கீறும், ஈர்க்குச்சி கீறாது.

திறக்கும்போதெல்லாம் சத்தம் கேட்க வேண்டும், கட்டைவிரலால் முதுகைத் தடவினால் மேடு தட்டக் கூடாது. புதுக் கத்தி வாங்கியதும் பிடியை மேலிருந்து பிடித்துக்கொண்டு, அலகு மடங்கினாலும் விரல் படாத மாதிரி வைத்து, அலகின் முதுகை மரப்பலகையில் லேசாக நாலு தட்டு தட்டிப் பாருங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம், லேசான தட்டுக்கே விடுகிற பூட்டைக் கண்டுபிடித்துவிடலாம்.

எண்ணெய் விஷயம். அலகில் தேங்காய் எண்ணெய் தடவலாம், பழம் வெட்டினாலும் வாயில் போகலாம். ஆனால் மூட்டில் விடாதீர்கள். மார்கழிக் குளிரில் உறைந்து கத்தி திறக்கவே அடம்பிடிக்கும், தூளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மூட்டுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். தோல் உறை நனைந்தால் கத்தியை அதிலேயே வைத்திருக்காதீர்கள், பித்தளையில் பச்சையாகக் களிம்பு ஏறும். ஏறினால் குத்துவிளக்கு தேய்ப்பது மாதிரி புளி போட்டுத் தேய்த்து உடனே கழுவித் துடையுங்கள். அலகில் மட்டும் புளி படக் கூடாது.

கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். பைப்பின் வாயைச் சீவுவது மடக்குக் கத்தி வேலையே இல்லை. ஒரு அரைவட்ட அரம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். உள்பக்கத்துக்கு வளைவு, வெளிப்பக்கத்துக்குத் தட்டை, இரண்டே சுற்றில் பிசிறு போய்விடும். கத்தியால் நெம்புவதும் வேண்டாம். ஸ்டார்ட்டர் பெட்டி மூடியை நெம்பி ஒரு நல்ல கத்தியின் மூக்கை மூன்று மில்லிமீட்டர் முறித்திருக்கிறேன். ஸ்க்ரூ டிரைவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அதை எடுக்காதது இன்றைக்கும் எனக்கு வருத்தம்.

வழக்குக் கட்டு:

சட்டம் பற்றிக் கேட்டதற்கு மட்டும் பதில்.

1959-ஆம் வருட ஆயுதச் சட்டமும் 2016-ஆம் வருட ஆயுத விதிகளும்தான் இதற்கு அடிப்படை. விதிகளின் பட்டியலில் வரும் கூர்மையான ஆயுதங்களுக்கு அளவு சொல்லியிருக்கிறார்கள்: அலகு ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலம். வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் இவற்றுக்காகச் செய்யப்பட்டவை அதில் சேராது. நீங்கள் சொல்லும் இரண்டு கத்தியுமே நான்கு அங்குலத்தைத் தொடாதவை.

ஆனால் ஊருக்கு ஊர் தனி அறிவிக்கை இருக்கலாம். டெல்லியில் 1980-இலிருந்து ஒன்று இருக்கிறது. பட்டன், வில், வேறு இயந்திர அமைப்பால் திறந்து மூடும் கத்திகளில் அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் தாண்டினால் அங்கே சிக்கல். வேலை விஷயமாக வடக்கே போனால் கத்தியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்தியும் கூடாது, செக்-இன் பெட்டியில்தான் போட வேண்டும்.

செக்போஸ்டில் கேட்டால் வேலைக்கு என்று சொல்லுங்கள். அரம், டேப், குழாய்த் துண்டு, இணைப்பான்களோடு ஒரே பையில் கத்தி கிடந்தால் அந்தப் பதிலுக்குப் பையே சாட்சி. கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், கலெக்டர் ஆபீஸ் போகும்போது அதே கத்தி இடுப்பில் தொங்கினால் அந்தப் பதில் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் போகும்போதும் எடுத்துப் போக வேண்டாம். இடுப்பை விடப் பை நல்லது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒட்டுமாங்கன்று:

நான் கிருஷ்ணகிரி சந்தூர் பக்கம் நர்சரியில் ஒட்டுக் கட்டுகிறேன். அண்ணன் சொன்ன பூட்டு விஷயம் எல்லாம் சரி, ஆனால் 200 கிராமைப் பத்து மணி நேரம் கையில் பிடிப்பது கையின் வேலை. ஓப்பினெல் எட்டாம் நம்பர் 45 கிராம்தான் இருக்கும். அலகு எட்டரை சென்டிமீட்டர், மெல்லிசு. கனமான அலகு வெட்டும்போது ஆப்பு மாதிரி பிளந்துகொண்டு போகும். மெல்லிய அலகு வழுக்கிக்கொண்டு போகும். உங்கள் 16 மில்லிமீட்டர் குழாயை இரண்டு கத்தியாலும் வெட்டிப் பாருங்கள். மெல்லிசில் வெட்டிய வாய் கண்ணாடி மாதிரி இருக்கும், இணைப்பான் ஒழுகாது.

ஒட்டுக்கு நான் தனிக்கத்தி வைத்திருக்கிறேன், அது வேறு எதையும் தொடாது. மூட்டை, கயிறு, பாலித்தீன் பை, மதியத்துக்கு மாம்பழம் எல்லாவற்றுக்கும் ஓப்பினெல்தான். என்னுடையது கார்பன் ஸ்டீல். மாம்பால் பட்டுப் பட்டு அலகு முழுக்க நீலமும் கறுப்புமாக மேகம் மாதிரி படிந்திருக்கிறது. அது துரு இல்லை, அது படிந்த பிறகு துரு வருவதே குறைந்துவிட்டது. ஆனால் தண்ணீரில் வேலை செய்கிற உங்களுக்குத் துருப்பிடிக்காத அலகு உள்ளதைத்தான் சொல்வேன்.

மழைக்காலத்தில் மரப்பிடி ஊறி அலகு வெளியே வராது, அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பிடியின் அடிமுனையைக் கல்லில் தட்டினால் அலகின் நுனி கொஞ்சம் எழும்பும், பிடித்து இழுத்துவிடலாம். வாங்கிய உடனே பிடிக்கு நாலைந்து தடவை எண்ணெய் ஊட்டி வெயிலில் காயவைத்தால் ஊறுவது நிறையக் குறையும்.

சொட்டுநீர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. விரல் மடங்குகிறது அண்ணா, நுனியில் மட்டும் லேசாக மரப்பு இருக்கிறது. நாளைக்கே போய்க் காட்டுகிறேன். அரைவட்ட அரம் இன்று காலையிலேயே வாங்கிவிட்டேன், 8 அங்குலம். நான்கு பைப் வாயைச் சீவிப் பார்த்தேன். இத்தனை வருஷம் யாரும் இதைச் சொல்லவில்லை.

வாய்க்காலில் நின்றுகொண்டே வேலை செய்வதால் மரம் ஊறி அலகு சிக்குவது எனக்கு ஒத்துவராது என்று தோன்றுகிறது. பக் 110 வாங்கலாம் என்றிருக்கிறேன், நர்சரித் தங்கச்சி சொன்ன மாதிரி நாள் முழுக்கக் கையிலேயே பிடித்திருக்காமல். சாணை எப்படிப் பிடிப்பது? தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?

ஆனைமலை மோட்டார்:

மரப்பு இருக்கும்போது நாளைக்கு என்று தள்ளாதீர்கள், இன்று சாயங்காலமே போங்கள்.

சாணைக்காரரிடம் அரிவாளைக் கொடுங்கள், இதைக் கொடுக்க வேண்டாம். சக்கரத்தில் தண்ணீர் விடாமல் பிடித்தால் அலகின் ஓரம் சூடேறி, அந்த இடத்தில் எஃகு இளகிவிடும். பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது.

400, 1000 என்று இரண்டு பக்கம் உள்ள தண்ணீர்க்கல் ஒன்று போதும். கோணம்தான் பலருக்குக் குழப்பம். ஒரு பென்சிலைக் கல்லில் வைத்து, அதன்மேல் அலகின் முதுகைச் சாய்த்துப் பாருங்கள். பென்சில் ஏழு மில்லிமீட்டர், அலகின் அகலம் இரண்டு சென்டிமீட்டர் என்றால் கோணம் இருபது டிகிரி வரும். பென்சிலை எடுத்துவிட்டு அதே சாய்வைக் கை நினைவில் வைத்துத் தீட்டுங்கள். ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறுபக்கம் நுனி முதல் அடி வரை ஒரு மெல்லிய பிசிறு எழும்பும், விரலைக் குறுக்கே தடவினால் தட்டும். அது முழு நீளத்துக்கும் வந்த பிறகுதான் திருப்ப வேண்டும். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பின்பக்கமாகப் பத்து இழுப்பு.

முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகும். விரல் சரியான பிறகு ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஆனைமலை வாருங்கள், என் கல்லிலேயே சேர்ந்து தீட்டலாம்.