பொருள்: ‘ரிப்பேர் கூல்டவுன்’ – தமிழில் என்ன?

வணக்கம்.
1760-61 புதுச்சேரி முற்றுகையைக் களமாக வைத்துப் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டு. பீரங்கிக் குண்டு பட்ட சுவரைக் கடைசி அடியிலிருந்து 15 நொடிக்குச் சரிசெய்ய முடியாது. இந்தக் காத்திருப்புதான் கூல்டவுன். இதற்கு ‘ஆறுநேரம்’ என்று போட்டிருக்கிறோம். கொத்தனார் சுத்தியலை ஓங்கியபின் அடுத்த ஓங்கலுக்கு வேண்டிய 1 நொடிக்கும் அதே சொல்தான். ரிப்பேருக்குப் ‘பழுதுபார்த்தல்’, பொத்தானில் அடங்கவில்லை.
– முத்தியால்பேட்டை

> இதற்கு ‘ஆறுநேரம்’
மாலை ஆறு மணி என்று படிப்பார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், இவை இரண்டு வேறு கடிகாரங்கள். ஒன்று ஆளின் கையில் ஓடுகிறது, மற்றது சுவரில். ஒரே பெயர் வைத்தால் நிரலிலும் ஒரே மாறி (variable) ஆகிவிடும். வேறு கொத்தனார் வந்தால் சுவரின் தடை நீங்கிவிடும்.

கைக்குக் ‘கையோய்வு’ எனலாம். சுவருக்கு ‘செப்பத்தடை’.

தடை மட்டும் சுவரைச் சாய்க்காது என்பதையும் கணக்கில் வையுங்கள். பீரங்கி 40 நொடிக்கு ஒருமுறை சுவரின் வலுவில் (தாங்கும் புள்ளிகளில்) 120ஐக் குறைக்கிறது என்று வைப்போம். தடை போக மிச்சம் 25 நொடி. ஓங்கலுக்கு 2 வலு என்றால் ஒருவர் 50 மீட்பார், மூவர் 150. சுவர் விழவே விழாது. முதல் ஆளுக்கு முழுப் பலன், இரண்டாமவருக்குப் பாதி, மூன்றாமவருக்கு ஒன்றுமில்லை என்று வைத்தால் 75தான் மீளும். 1000 வலுச் சுவர் 21ஆம் குண்டில், சுமார் 13 நிமிடத்தில் சாயும்.
– மஞ்சக்குப்பம், கடலூர்

‘கையோய்வு’ நன்று. ‘செப்பத்தடை’ எனக்கு ஒட்டவில்லை. செப்பம் என்றதும் உரைநடைதான் நினைவுக்கு வருகிறது. ஏரி, கட்டடம் என்றால் நம் ஊரில் மராமத்துதானே? பொத்தானில் ‘மராமத்து’, சுவர்மேல் ‘மராமத்துத் தடை’. வேர் அரபு என்று யாராவது வருவார்கள்; குடிமராமத்து என்று காலங்காலமாகச் சொல்லிவிட்டோம், போதும்.

தடையை எந்த அடி புதுப்பிக்கும் என்பதையும் விளக்கக்குறிப்பில் எழுதுங்கள். எல்லா அடியும் புதுப்பித்தால், 14 நொடிக்கு ஒரு துப்பாக்கிக் குண்டைச் சுவரில் தட்டிக்கொண்டே ஒருவன் மராமத்தை முடக்கிவிடுவான். மொத்த வலுவில் 2 விழுக்காட்டுக்கு, அதாவது 20க்கு, மேற்பட்ட அடி மட்டும் புதுப்பிக்கட்டும். சொந்தப் படையின் அடி கூடாது.
– லாஸ்பேட்டை

சரி, ‘மராமத்துத் தடை’யே இருக்கட்டும்.

கிளிஞ்சல் சுண்ணாம்புச் செலவில் ஓர் ஓட்டை உண்டு. 5 வலுவுக்கு 1 சுண்ணாம்பு என்றால் ஓங்கலுக்கு 0.4 வரும். முழு எண்ணாக வெட்டினால் 0, மராமத்து இலவசம். மேலேற்றினால் செலவு இரண்டரை மடங்கு. முதலில் 1 கழித்து, ஆள் கணக்கில் 5 வலு வரவு வையுங்கள். ஓங்க ஓங்க அது குறையட்டும். இதற்கு ‘கலவை இருப்பு’ என்ற பெயர் பொருந்தும்.

கழிப்பதும் வலு ஏற்றுவதும் சர்வரில் ஒரே படியில் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசி 2 வலுவுக்கு இருவரிடமும் சுண்ணாம்பு போகும். தடைக்கும் ‘இன்னும் எத்தனை நொடி’ என்று அனுப்பாமல், முடியும் நேரத்தைச் சர்வர் கடிகாரப்படி அனுப்புங்கள். நெட் தாமதமானாலும் திரையில் எண் பின்னோக்கித் தாவாது.

உடைப்பை மண்ணும் மரக்கட்டையும் போட்டுத் தற்காலிகமாக மூடுவதற்கு இன்னும் சொல் இல்லை. ‘அடைப்பு’ என்றால் சாக்கடை நினைவு வருகிறது.
– மஞ்சக்குப்பம்