மீன்பிடிப் படகின் கருவிகளுக்கு எந்த பேட்டரி: ஈய-அமிலமா, லித்தியமா?

கரைவலை:
ஒன்பது மீட்டர் நீளமுள்ள டீசல் படகு என்னுடையது. எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியிலிருந்தே எல்லாக் கருவிகளும் இப்போது ஓடுகின்றன. ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரும் ஜி.பி.எஸ்.ஸும் சேர்ந்த திரை 2 ஆம்பியர், காத்திருப்பில் உள்ள வி.எச்.எஃப். வயர்லெஸ் 0.4, அருகிலுள்ள கப்பல்களைக் காட்டும் ஏ.ஐ.எஸ். 0.3, எல்.இ.டி. வழிகாட்டி விளக்குகள் 0.8, மேல்தள விளக்குகள் 2 என்று மொத்தம் 5.5 ஆம்பியர் இழுக்கின்றன. வலையை விரித்துவிட்டு எஞ்சினை நிறுத்திக் காத்திருப்பது சுமார் 8 மணி நேரம். மீண்டும் ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் திரை அணைந்து மறுபடி எழுகிறது. கருவிகளுக்கென்று தனி பேட்டரி வைக்க முடிவு செய்துவிட்டேன். எந்த வகையை வாங்குவது என்பதில்தான் குழப்பம்.

அலைமேடு:
லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையைத் தவிர வேறு எதையும் இன்று நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் தேவை, 5.5 ஆம்பியர் வீதம் 8 மணி நேரத்துக்கு 44 ஆம்பியர்-மணி. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் விரைவாகக் குறையும் என்பதால், கொஞ்சம் கையிருப்பும் பழமையால் வரும் இழப்பும் சேர்த்து 120 அல்லது 130 ஆம்பியர்-மணி தேவைப்படும். அதன் எடை 30 கிலோவைத் தாண்டும். லித்தியத்தில் 80 விழுக்காடு வரை பயமின்றிப் பயன்படுத்தலாம் என்பதால் 100 ஆம்பியர்-மணி தாராளமாகப் போதும், எடையும் பெரும்பாலும் 12 கிலோ அளவில்தான் இருக்கும். போதாக்குறைக்கு, மின்னோட்டம் கூடக்கூட ஈய பேட்டரியின் கொள்ளளவு சுருங்கும் பியூகெர்ட் விளைவும் இருக்கிறது.

பழைய நங்கூரம்:
பியூகெர்ட்டை இங்கே இழுப்பது பொருத்தமற்றது. 100 ஆம்பியர்-மணி என்று ஈய பேட்டரியின் மேல் அச்சிடுவது பெரும்பாலும் 20 மணி நேர வீதத்தில், அதாவது 5 ஆம்பியர் இழுத்து அளந்த கணக்கு. கேட்டவரின் சுமை 5.5 ஆம்பியர். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதே அன்று. மின்மோட்டாரால் படகை ஓட்டுபவர் கவலைப்பட வேண்டியதை எக்கோ சவுண்டர் வைத்திருப்பவர் தலையில் சுமத்த வேண்டாம்.

எடையும் ஒன்பது மீட்டர் டீசல் படகுக்கு ஒரு பொருட்டல்ல. நான் ஈயத்தின் பக்கம் நிற்பதற்குக் காரணம் வேறு. ஈய பேட்டரி சாகும்போது சொல்லிவிட்டுச் சாகும்: ஓய்வில் 12.7 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.1 அல்லது 12.2 இருந்தால் பாதி, விளக்கு மங்கும், கருவி எச்சரிக்கும். லித்தியமோ ஏறக்குறைய கடைசி வரை 13 வோல்ட்டை ஒட்டியே நின்றுவிட்டு, உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். என்ற பாதுகாப்புச் சுற்று துண்டிக்கும் நொடியில் திரை, வயர்லெஸ், விளக்கு எல்லாவற்றையும் ஒருசேர இருட்டாக்கிவிடும். நடுக்கடலில் இரவில் அது நடப்பதை நான் விரும்ப மாட்டேன்.

அலைமேடு:
அதற்காகத்தான் ஷன்ட், அதாவது மின்னோட்டத்தை அளக்கும் சிறு தடை, பொருத்திய பேட்டரி மானிட்டர் இருக்கிறது. உள்ளே போன ஆம்பியரையும் வெளியே வந்த ஆம்பியரையும் எண்ணி மீதியை விழுக்காட்டில் காட்டும். 20 விழுக்காட்டில் ஒலி எழுப்பும்படி அமைத்துவிட்டால் வோல்ட் மீட்டரை யார் பார்க்கப் போகிறார்கள்?

பழைய நங்கூரம்:
அந்த எண்ணிக்கை நாளடைவில் வழி தவறும். அவ்வப்போது முழுச் சார்ஜ் ஆகித் திரும்ப நூறில் நின்றால்தான் மானிட்டர் சொல்வதை நம்ப முடியும்.

மின்வினைஞர்:
படகுகளில் மின்வேலை செய்பவன் என்ற முறையில், இருவரும் பேட்டரியின் உள்ளேயே நின்று பேசுவதாக எனக்குப் படுகிறது. கேள்வியை வெளியிலிருந்து கேட்க வேண்டும்: எடுத்த 44 ஆம்பியர்-மணியை எதைக் கொண்டு, எவ்வளவு நேரத்தில் திருப்பி வைக்கப் போகிறீர்கள்?

ஈய பேட்டரி 80 விழுக்காடு வரை மளமளவென்று ஏறும். அதற்குப் பிறகு, எஞ்சின் சுழற்றும் மின்னாக்கியான ஆல்டர்னேட்டர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பேட்டரியே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும், கடைசி 20 விழுக்காடு நிரம்பப் பல மணி நேரம் பிடிக்கும். கரைக்குத் திரும்பும் இரண்டு மூன்று மணி நேர ஓட்டத்தில் அது நிறையாது. நாள்தோறும் 85, 90 விழுக்காட்டிலேயே நின்றுபோகும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் இறுகி, வாங்கியபோது இருந்த கொள்ளளவு மெல்ல மெல்லக் கரையும். படகுகளிலிருந்து நான் கழற்றி எடுக்கும் ஈய பேட்டரிகளில் பெரும்பாலானவை அதிகமாக இறக்கப்பட்டதால் கெட்டவை அல்ல, முழுதாக ஏற்றப்படாததால் கெட்டவை. லித்தியத்துக்கு இந்த நோய் கிடையாது. அரைகுறை நிரம்பலில் அது நிம்மதியாகவே இருக்கும்.

ஆனால் லித்தியத்தை ஆல்டர்னேட்டரில் நேரடியாக இணைப்பதும் சரியன்று. அதன் உள்மின்தடை மிகக் குறைவு என்பதால் ஆல்டர்னேட்டரால் எவ்வளவு கொடுக்க முடியுமோ அவ்வளவையும் தொடர்ந்து உறிஞ்சும். எஞ்சின் மெதுவாக ஓடி, குளிர்விக்கும் விசிறியும் மெதுவாகச் சுழலும் வேளையில் சுருள் கருகிவிடும். இடையில் பி.எம்.எஸ். துண்டித்தால், வேறு பேட்டரி இணைப்பில் இல்லாத நிலையில் எழும் மின்னழுத்தத் துள்ளல் டயோடுகளையும் கருவிகளையும் தாக்கும். இரண்டு பேட்டரிகளை இணைக்க வழக்கமாகப் போடும் மின்னழுத்த ரிலேயும் இங்கே ஏமாந்துபோகும்: அது ஏறக்குறைய 12.8 வோல்ட்டுக்கு இறங்கினால்தான் பிரியும், லித்தியமோ சும்மா இருக்கும்போதே 13.2 காட்டும். ஆகவே ஸ்டார்ட்டிங் பேட்டரிக்கும் லித்தியத்துக்கும் இடையே, மின்னோட்டத்துக்கு வரம்பிட்டு ஒரு பேட்டரியிலிருந்து இன்னொன்றை ஏற்றும் டி.சி.-டி.சி. சார்ஜர் கட்டாயம். அதன் விலையையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். லித்தியம் மலிவாகிவிட்டது என்று சொல்பவர்கள் இந்தப் பெட்டியை ஏனோ கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

பழைய நங்கூரம்:
கேபின் கூரையில் 100 வாட் சோலார் பலகை ஒன்றைப் போட்டுவிட்டால், படகு கட்டிக் கிடக்கும் பகல் பொழுதில் அந்தக் கடைசி 20 விழுக்காட்டை அது பொறுமையாக நிரப்பிவிடும். ஈய பேட்டரிக்கு வேண்டியது அதிக ஆம்பியர் அல்ல, நீண்ட நேரம். சூரியன் கொடுப்பதும் அதைத்தான்.

மின்வினைஞர்:
பலகை நிழலின்றி இருந்தால் உங்கள் வாதத்தை நான் முழுமையாக ஏற்பேன். கரைவலை அவர்களே, படகு எத்தனை நேரம் கட்டிக் கிடக்கும், கூரையில் இடம் எப்படி, எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் எத்தனை வோல்ட் வருகிறது?

கரைவலை:
ஏறத்தாழ நாள்தோறும் கடலுக்குப் போகிறோம். கட்டும் இடத்தில் மின்இணைப்பு இல்லை. கூரையில் இடம் உண்டு, ஆனால் கம்பமும் வலை தூக்கும் சட்டமும் பகலில் பெரும்பகுதி நிழல் விழச் செய்கின்றன. ஆல்டர்னேட்டர் 55 ஆம்பியர். பேட்டரி முனையில் 14.1 வோல்ட். புது பேட்டரியை எஞ்சின் அறையிலேயே வைக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

மின்வினைஞர்:
எஞ்சின் அறை வேண்டாம். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பழைய கணக்கு. லித்தியமும் சூட்டில் விரைவாக மூப்படையும். நீர் ஊற்றும் வகை ஈய பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவிடும், அதன் அமிலத்தோடு கடல்நீர் கலந்தால் நச்சான குளோரின் வாயு உண்டாகும். ஈயமே வாங்குவதானாலும் அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும் மூடிய ஏ.ஜி.எம். வகையை வாங்கி, கேபினுக்குள் உயரமான, காற்றோட்டமுள்ள இடத்தில் அசையாமல் கட்டுங்கள்.

நீங்கள் சொன்ன நிலவரத்தில், அதாவது நாள்தோறும் ஓட்டம், நிழல் விழும் கூரை, கரையில் மின்சாரம் இல்லாமை என்றிருக்கும்போது, என் தேர்வு 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட்டும் 30 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜரும். 44 ஆம்பியர்-மணி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் திரும்பிவிடும், உங்கள் ஆல்டர்னேட்டரும் திணறாது. பேட்டரிக்கு அருகிலேயே ஃப்யூஸ் இருக்கட்டும். குறுக்குச்சுற்றில் லித்தியம் தரும் மின்னோட்டம் மிகப் பெரியது என்பதால் கார்களில் போடும் சாதாரண ஃப்யூஸ் போதாது.

கம்பியையும் கவனியுங்கள். வயர்லெஸ் 25 வாட்டில் பேசும்போது ஏறக்குறைய 5.5 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 10 மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 0.4 வோல்ட் இழப்பு, 6 சதுர மில்லிமீட்டரில் 0.17 தான். வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பியாகவே எடுங்கள். உப்புக்காற்றில் வெறும் செம்பு சீக்கிரம் பச்சை பிடிக்கும்.

பழைய நங்கூரம்:
இந்தப் படகுக்கு லித்தியம் பொருந்தும் என்பதை மறுக்கவில்லை. வயர்லெஸ்ஸை அதில் மாட்டக் கூடாது, அதற்கென்று சிறிய தனி பேட்டரி வேண்டும் என்பதை மட்டும் விடமாட்டேன். உதவி கேட்க வேண்டிய கருவி, ஒரு சிறு மின்சுற்றின் முடிவை நம்பி இருக்கக் கூடாது.

அலைமேடு:
அதற்கு ஸ்டார்ட்டிங் பேட்டரிக்கு மாற்றும் ஒரு சுவிட்ச் போதுமே. மூன்றாவது பேட்டரி என்பது பராமரிக்க வேண்டிய இன்னொரு சுமை.

பழைய நங்கூரம்:
எஞ்சின் கிளம்பாத இரவில்தானே உதவி தேவைப்படும்? அந்த நேரத்தில் செல்ஃபைச் சுற்றிச் சுற்றி அந்த பேட்டரியையும் காலி செய்திருப்பீர்கள். கணக்கு எளிது: காத்திருப்பில் 0.4 ஆம்பியர் வீதம் ஒரு நாள் முழுதும் 9.6 ஆம்பியர்-மணி, அதில் மொத்தம் அரை மணி நேரம் பேசினால் இன்னும் ஏறக்குறைய 2.75. ஒரு 26 ஆம்பியர்-மணி ஏ.ஜி.எம். பாதிக்கு மேல் இறங்காமலேயே இதைத் தாங்கும். அதைக் கேபினின் உச்சியில் வைத்தால், கீழே நீர் புகுந்தாலும் பேச முடியும்.

கரைவலை:
வயர்லெஸ்ஸுக்குச் சிறிய ஏ.ஜி.எம்., மற்றவற்றுக்கு லித்தியம் என்று வைத்துக்கொள்கிறேன். அந்தச் சிறிய பேட்டரியை எதிலிருந்து சார்ஜ் செய்வது?

மின்வினைஞர்:
ஸ்டார்ட்டிங் பேட்டரியிலிருந்து, சாதாரண மின்னழுத்த ரிலே வழியாக. இரண்டும் ஈயம் என்பதால் ரிலே அங்கே ஒழுங்காக வேலை செய்யும். நாள்தோறும் அதிகம் இறங்காத பேட்டரி என்பதால் 14.1 வோல்ட்டே அதை நிறைவாக வைத்திருக்கும். ரிலேயின் இரு பக்கமும் ஃப்யூஸ் போட மறக்க வேண்டாம்.