கன்சென்ட் டிக்ரீ: ‘இசைவுத் தீர்ப்பாணை’ எனலாமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க நகரக் காவல்துறைகளைப் பற்றி எழுதும்போது அடிக்கடி குறுக்கிடும் ‘கன்சென்ட் டிக்ரீ’ என்பதற்கு இந்த இழையில் இதுவரை ஒப்புதல் ஆணை, சீர்திருத்த ஒப்பந்தம், இசைவாணை என மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு. ‘இசைவுத் தீர்ப்பாணை’ என்பதை முன்வைக்கிறேன்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். 1991இல் லாஸ் ஏஞ்சலிஸில் ரோட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைக் காவலர்கள் அடித்த காணொளி நாட்டையே உலுக்கியது. அதன் விளைவுகளில் ஒன்றாக, 1994ஆம் ஆண்டுக் குற்றத்தடுப்புச் சட்டம், உரிமை மீறல் ஒரு காவலரின் தனிச்செயலாக இல்லாமல் துறையின் வழக்கமாகவே இருக்கும்போது, அந்த நகரத்தின் மீதே வழக்குத் தொடரும் அதிகாரத்தைக் கூட்டாட்சி அரசின் நீதி அமைச்சகத்துக்கு அளித்தது. (‘நீதித்துறை’ என்று எழுதினால் நம்மவர்கள் நீதிமன்றங்களையே நினைப்பார்கள், ஆகவே அமைச்சகம்.) அமைச்சகம் விசாரித்து அறிக்கை வெளியிடும், நகர நிர்வாகத்துடன் பேசி ஓர் உடன்பாட்டை எழுதும், அதை வழக்குடன் சேர்த்து நீதிமன்றத்தில் வைக்கும். நீதிபதி அதைச் சீர்தூக்கிப் பார்த்துக் கையொப்பமிட்ட பின், மீறினால் நீதிமன்ற அவமதிப்பு என்ற நிலை உருவாகிறது. இப்படிக் கையொப்பமான உடன்பாடே கன்சென்ட் டிக்ரீ. 1997இல் பிட்ஸ்பர்கில் தொடங்கிய இந்த முறை பின்னர் சியாட்டில், நியூ ஆர்லியன்ஸ், கிளீவ்லாந்து எனப் பல நகரங்களுக்குச் சென்றது.

‘ஒப்புதல்’ என்ற சொல் காவல்துறையை ஒட்டி வந்தாலே வாசகர் மனத்தில் ஒப்புதல் வாக்குமூலம்தான் எழும். இந்த ஆவணங்களிலோ நகரங்கள் பெரும்பாலும் எந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்வதில்லை. மாற்றங்களைச் செய்ய இசைகின்றன, அவ்வளவுதான். அந்த இசைவும் எப்போதும் மனமுவந்து வருவதில்லை. மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞரைக் காவலர் ஒருவர் சுட்டுக்கொன்ற ஃபெர்குசன் நகரில், நகரமன்றம் 2016 பிப்ரவரியில் செலவைக் காரணம் காட்டி உடன்பாட்டில் திருத்தங்கள் கோரியது. மறுநாளே அமைச்சகம் வழக்குத் தொடர்ந்தது. மார்ச்சில் நகரமன்றம் அதே உடன்பாட்டை ஏற்றது. ஆகவே சமரசம், ராஜி போன்ற சொற்களையும் தவிர்க்க வேண்டும் என்பேன். இசைவு என்பது விருப்பத்தையும் வேறு வழியின்மையையும் ஒருசேரத் தாங்கக்கூடிய சொல்.

‘இசைவாணை’ சுருக்கமானது, செவிக்கும் இனியது. ஆனால் தமிழ்நாட்டில் அது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைகளுக்கு அளிக்கும் அனுமதிக்கு வழங்கும் சொல்லாகிவிட்டது. பால்டிமோர் காவல்துறைக்கு இசைவாணை வழங்கப்பட்டது என்று எழுதினால், அத்துறை இயங்குவதற்கு யாரோ உரிமம் கொடுத்தார்கள் என்றே பொருள்படும்.

‘சீர்திருத்த ஒப்பந்தம்’ என்பதை முன்மொழிந்த ஐயா, பொது வாசகருக்கு நீதிமன்ற நுணுக்கம் எதற்கு என்று கேட்டிருந்தார். எனக்கோ அந்த நுணுக்கத்தில்தான் எல்லாமே இருப்பதாகத் தோன்றுகிறது. பால்டிமோரில் காவல் வண்டியில் கொண்டுசெல்லப்பட்டபோது படுகாயமடைந்த ஃபிரெடி கிரே 2015 ஏப்ரலில் இறந்தார். அவருக்கு இருக்கைப்பட்டி மாட்டப்பட்டிருக்கவில்லை. 2017 ஜனவரியில் கையொப்பமான உடன்பாட்டில், கைதானவர்களுக்குப் பட்டி மாட்ட வேண்டும், வண்டிக்குள் கேமரா வேண்டும் என்பது வரை எழுதப்பட்டிருந்தது. அதே மாதம் ஆட்சி மாறியது. புதிய அமைச்சகம் ஏப்ரலில் 90 நாள் அவகாசம் கேட்டது. நீதிபதி ஜேம்ஸ் பிரெடார் அதை மறுத்து, ஏப்ரல் 7 அன்று கையொப்பமிட்டார். அதன்பின் அமைச்சகம் நினைத்தாலும் தன்போக்கில் விலகிவிட முடியாது.

மினியாபோலிஸில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஜார்ஜ் ஃபிளாய்டு 2020 மே 25 அன்று காவலரால் கொல்லப்பட்டதை அடுத்து நடந்த விசாரணையின் முடிவில், 2025 ஜனவரியில் நகரமும் அமைச்சகமும் உடன்பாட்டில் கையொப்பமிட்டன. நீதிபதியின் கையொப்பம் விழவில்லை. மே மாதம் புதிய நிர்வாகம் வழக்கைத் திரும்பப் பெற விண்ணப்பித்தது, நீதிமன்றமும் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அங்கே இன்றும் நகரத்தைக் கட்டுப்படுத்துவது, மினசோட்டா மாநில மனித உரிமைத் துறையுடன் செய்துகொண்டு, 2023 ஜூலையில் மாநில நீதிமன்றம் ஏற்ற வேறோர் உடன்பாடு. ‘ஒப்பந்தம்’ என்று மட்டும் எழுதினால் இந்த மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும்.

நம் உரிமையியல் நீதிமன்றங்களில் ‘டிக்ரீ’ என்பதற்குத் தீர்ப்பாணை என்ற சொல் முன்பே வேரூன்றியிருப்பதால், புதிதாக ஆக்க வேண்டியது முன்னொட்டு மட்டுமே. காவல், கூட்டாட்சி போன்ற அடைகளைச் சேர்க்க வேண்டாம்: சிகாகோவில் 2019இல் நடைமுறைக்கு வந்த ஆணை இல்லினாய் மாநிலத் தலைமை வழக்கறிஞர் தொடுத்த வழக்கிலிருந்து பிறந்தது, தொழில் முற்றுரிமை வழக்குகளிலும் இதே வகை ஆணைகள் உண்டு. நீளமாக இருக்கிறது என்பவர்கள், முதல் இடத்தில் முழுமையாக எழுதிவிட்டுப் பின்னர் ‘தீர்ப்பாணை’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.

இதனுடன் ஒட்டிய ‘மானிட்டர்’, அதாவது ஆணை நிறைவேறுகிறதா என்று பார்ப்பவர், என்பதற்கான சொல் இன்னும் தீரவில்லை. கண்காணிப்பாளர் என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வந்து நிற்கிறார். ‘கண்காணி’ என்று குறைத்தால் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி நினைவுக்கு வருகிறார். காவல்துறைக்கு வெளியே இருந்து நீதிபதிக்கு அறிக்கை தருபவர் என்பதால், இப்போதைக்கு ‘நீதிமன்ற மேற்பார்வையர்’ என்று வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமானது இருந்தால் தெரிவியுங்கள். மினியாபோலிஸ் பற்றிய பதிவில் 2025 ஜனவரி ஆவணத்தை ‘இசைவுத் தீர்ப்பாணை வரைவு’ என்று குறிக்கலாம் என்பது என் கருத்து. மறுப்பு இருந்தால் அதையும் எழுதுங்கள்.