ஜீப்ரா கேக்: கோடுகள் கலங்கிவிடுகின்றன

கேள்வி: வெண்ணெய் கேக் மாவில் பாதிக்குக் கோகோ சேர்த்து, மாற்றி மாற்றி ஊற்றினேன். வெட்டினால் வரிக்குதிரைக் கோடுகள் இல்லை, திட்டுத் திட்டாக இருக்கிறது. ஏன்?

பதில் 1: வெண்ணெய் மாவு கெட்டியானது, தானாகப் பரவாது. இதற்கு எண்ணெய் மாவுதான் சரி. 9 அங்குல வட்டத் தட்டுக்கு: முட்டை 4, சர்க்கரை 250 கிராம், வாசனையில்லாத எண்ணெய் 250 மி.லி., பால் 250 மி.லி., மைதா 300 கிராம், பேக்கிங் பவுடர் 3 டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் 2 மேசைக்கரண்டி கோகோவைச் சலித்துக் கலக்குங்கள்.

தட்டின் நடுவில் வெள்ளை 3 மேசைக்கரண்டி, அதன் நட்டநடுவில் கறுப்பு 3, மறுபடி வெள்ளை. மாவு தீரும்வரை இதேதான். கரண்டியால் பரப்பக் கூடாது, தட்டைத் தட்டவும் கூடாது. முன்பே சூடாக்கிய அவனில் 180 டிகிரி, 40 நிமிடம். குச்சி ஈரமில்லாமல் வர வேண்டும்.

பதில் 2: ஒன்று விட்டுப்போயிற்று. கோகோ ஈரத்தை உறிஞ்சும், அந்தப் பாதி இறுகிவிடும். அதில் 1 மேசைக்கரண்டி பால் கூடுதலாக விடுங்கள். இரண்டும் ஒரே ஊத்தப்ப மாவுப் பதத்தில் இருந்தால்தான் வளையம் வளையமாக விரியும். மிகவும் நீர்த்தால் நிறங்கள் கலந்துவிடும்.

கேட்டவர்: மேலே பூ வடிவம் எப்படி?

பதில் 2: அவனில் வைக்குமுன் பல்குச்சியால் ஓரத்திலிருந்து நடுவுக்கு 8 கோடு இழுங்கள். குச்சி மேலாக மட்டும் படட்டும். ஆழமாகப் போனால் உள்ளிருக்கும் கோடுகள் கலையும்.