முன்னங்கால் எடுக்கப்பட்ட நாயை வீட்டில் பழக்குவது எப்படி?

உறையூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு நாய் செம்பிக்கு 8 நாட்களுக்கு முன் வலது முன்னங்கால் தோள்பட்டை எலும்போடு அகற்றப்பட்டது. அதற்கு வயது 4, எடை 18 கிலோ. குட்டியாக இருந்தபோதே தெருவிலிருந்து எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்த நாட்டு நாய். இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு சரக்கு ஆட்டோ இடித்ததில் எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் தோளிலிருந்து காலுக்குச் செல்லும் நரம்புக் கற்றை உள்ளேயே பிய்ந்துவிட்டதால் கால் ஈரத்துணி போலத் தொங்கத் தொடங்கியது. பாதத்தின் மேற்புறத்தைத் தரையில் இழுத்தபடியே நடந்ததில் தோல் தேய்ந்து புண்ணாகி, கடைசியில் உணர்வற்றுப் போன அந்தப் பாதத்தைச் செம்பியே கடித்துக் குதறத் தொடங்கியபோதுதான், காலை எடுத்துவிடுவதற்கு நாங்கள் சம்மதித்தோம்.

அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பியபோது மருந்துச் சீட்டைத் தவிர வேறு எந்த விளக்கமும் எங்களுக்குத் தரப்படவில்லை. மறுநாளே அது எழுந்து நொண்டியபடி கொல்லைக்குச் சென்று சிறுநீர் கழித்துவிட்டு வந்தது எங்களுக்கு வியப்பாக இருந்தது. ஆனால் 4ஆம் நாள் கூடத்தின் மொசைக் தரையில் ஒற்றை முன்னங்கால் வழுக்கித் தாடை தரையில் மோத விழுந்தது. அன்றிலிருந்து கூடத்தைக் கடக்க மறுத்து, வாசற்படி ஓரத்திலேயே படுத்திருக்கிறது. மார்புக்குக் கீழே தோல் கருநீலமாகிச் சற்று வீங்கியும் இருக்கிறது. இரவில் தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்து வீறிட்டு அலறி, கால் இருந்த பக்கத்தைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது.

என் அம்மாவுக்கு வயது 68. செம்பியைப் பார்த்தாலே கண் கலங்கிவிடுகிறார். தட்டை வாயருகே கொண்டுபோய் ஊட்டுகிறார். பாலும் பிஸ்கட்டும் நாள் முழுவதும் கொடுக்கிறார். அது எழுந்திருக்க முயன்றால் ஓடிவந்து தூக்கிக்கொள்கிறார். இது சரிதானா என்று எனக்குத் தெரியவில்லை. தரைக்கு என்ன செய்வது, அந்த அலறல் ஏன் வருகிறது, மாடிப்படி ஏறவிடலாமா, எப்போது பழையபடி தெருவில் நடத்திச் செல்லலாம் என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.


கோவைக்காரன் எழுதியது:

சகோதரி, எங்கள் நாய் பூச்சிக்கு இடது பின்னங்கால் எடுத்து 6 ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு முன்னங்கால் அனுபவம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் தரையைப் பற்றி நான் நிறையவே கற்றுக்கொண்டேன், அதுவும் தவறு செய்தே கற்றுக்கொண்டேன்.

முதலில் வீட்டில் கிடந்த கோணிச் சாக்குகளை விரித்தேன். சாக்கும் நாயும் சேர்ந்தே வழுக்கிப் போய்ச் சுவரில் மோதின. மிதியடிகளும் அப்படித்தான், அடியில் ரப்பர் இல்லாத எதையும் டைல்ஸ், மொசைக், கிரானைட் தரைகளில் நம்பக் கூடாது. யோகா செய்ய விற்கும் விரிப்புகள் 4 வாங்கி, படுக்கும் இடத்திலிருந்து சாப்பிடும் இடத்துக்கும், அங்கிருந்து கொல்லைக் கதவுக்கும் இடைவெளி விடாமல் ஒரு பாதைபோலப் போட்டேன். விரிப்புகளுக்கு நடுவே ஒரு முழம் வெறுந்தரை தெரிந்தாலும் பூச்சி அங்கே வந்து நின்றுவிடும். வீடு முழுவதும் மூட வேண்டியதில்லை. தான் போக வேண்டிய வழி உறுதியானது என்று நாய்க்குத் தெரிந்துவிட்டால் போதும். உங்கள் செம்பி கூடத்தைக் கண்டு அஞ்சுவது கால் போனதால் அன்று, அந்த ஒரு விழுதலால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதோடு நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். பாதத்தின் மெத்தைகளுக்கு இடையே வளரும் மயிரையும் கத்தரித்துவிடுங்கள். அது நீண்டு கிடந்தால் நாய் காலுறை அணிந்துகொண்டு எண்ணெய்த் தரையில் நடப்பது போல ஆகிவிடும். தண்ணீர்க் கிண்ணத்தையும் சோற்றுத் தட்டையும் தரையில் வைக்காமல், ஒரு முக்காலி மீதோ இரண்டு செங்கல் மீதோ மார்பு உயரத்துக்கு அருகில் வையுங்கள். தலையைத் தரைவரை தாழ்த்தும்போது உடல் பாரம் முழுவதும் முன்பக்கம் சாயும். அதைத் தாங்க இப்போது ஒரு கால்தானே உள்ளது.

அம்மாவிடம் பொறுமையாகப் பேசிப் பாருங்கள். தூக்கித் தூக்கி வைத்தால் எப்படி எழுவது என்பதை அது கற்றுக்கொள்ளாது. கை பரபரத்தாலும் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நானும் என் மனைவியும் முதல் வாரத்தில் இதற்காகவே சண்டை போட்டோம்.

பின்னங்கால் இழந்த நாய் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக ஒன்று. பூச்சிக்கு இடது காது அரிக்கும்போது, இல்லாத காலின் தொடை மட்டும் படபடவென்று ஆடும். முகமோ சொறிந்துகொள்வது போலவே சுகமாகச் சாய்ந்திருக்கும். அப்போது நாங்கள் ஓடிப்போய்ச் சொறிந்துவிடுவோம். அந்தக் காதைத் தானே சுத்தம் செய்துகொள்ள அதனால் முடியாது என்பதால் உண்ணி அங்கேதான் முதலில் ஏறும். வாரம் இருமுறை காது மடலைப் புரட்டிப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.


கால்நடை மருத்துவர் (தஞ்சைப் பகுதி) எழுதியது:

மேலே கூறப்பட்ட தரை யோசனைகள் அனைத்தும் சரியானவை. மருத்துவம் தொடர்பானவற்றை மட்டும் நான் சேர்க்கிறேன். நேரில் பரிசோதிக்காமல் எழுதுவதால், உங்கள் மருத்துவர் சொல்வதற்கே முதலிடம் கொடுங்கள்.

மார்புக்கடியில் தெரியும் கருநீல நிறம் பெரும்பாலும் அச்சப்பட வேண்டியதன்று. தோள் பகுதியில் பெரிய தசைகளை வெட்டிப் பிரிப்பதால் கசியும் இரத்தமும் நீரும் கீழ்நோக்கி இறங்கி, மார்பிலும் வயிற்றிலும் தேங்கி, சில நாட்கள் கழித்தே கண்ணுக்குத் தெரியும். ஆனால் வீக்கம் நாளுக்கு நாள் பெரிதானாலும், தையல் இடைவெளி விட்டுத் திறந்தாலும், சீழோ துர்நாற்றமோ வந்தாலும், ஈறு வெளிறினாலும், 1 நாள் முழுவதும் உணவை மறுத்தாலும் அன்றே கொண்டு காட்டுங்கள். நாயின் இயல்பான உடல்வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். நம் அளவுகோலை வைத்துக்கொண்டு 101-ஐக் காய்ச்சல் என்று எண்ணிப் பதற வேண்டாம். தையல் பிரிக்க வழக்கமாக 10 முதல் 14 நாட்கள் ஆகும். அதுவரை கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பைப் பாவம் பார்த்துக் கழற்றிவிடாதீர்கள். ஓர் இரவு நக்கினாலே தையல் போய்விடும்.

இரவு அலறலைப் பற்றி. வெட்டப்பட்ட நரம்புகளின் முனைகளும், அவற்றிடமிருந்து செய்தி பெற்றுப் பழகிய தண்டுவடமும் மூளையும் அந்தக் கால் இன்னும் இருப்பது போலவே சில காலம் நடந்துகொள்ளும். மனிதர்களிடம் இதை இல்லாத உறுப்பின் வலி என்று குறிப்பிடுவதுண்டு. நாய் வாய்திறந்து சொல்லாவிட்டாலும், காரணமின்றித் திடீரெனத் துள்ளுவதும், அலறுவதும், அந்தப் பக்கத்தையே திரும்பிப் பார்ப்பதும் அத்தகைய நரம்புவலியைத்தான் காட்டுகின்றன. அறுவைக்கு முன் நீண்ட காலம் வலி இருந்த விலங்குகளிடம் இது கூடுதலாக வரலாம். செம்பிக்கு இரண்டு மாதம் நரம்புக் காயம் இருந்தது என்பதைக் கவனியுங்கள். மெலாக்சிகாம் போன்ற வீக்கம் தணிக்கும் மருந்துகள் மட்டும் இதற்குப் போதாமல் போகும். காபாபென்டின் போன்ற நரம்புவலி மருந்தைச் சேர்க்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அவர் எழுதித் தந்தாலும் மனிதர்களுக்கான திரவ வடிவத்தை அவரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். சிலவற்றில் சேர்க்கப்படும் சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி நாய்க்கு நஞ்சு. மருந்தைத் திடீரென நிறுத்தவும் கூடாது. வீட்டில் இருக்கிறதே என்று ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், பாராசிட்டமால் ஆகியவற்றைக் கொடுப்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். முதல் இரண்டும் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும்; மூன்றாவது அளவு மீறினால் கல்லீரலைத் தாக்கும். எதையும் தாமாகக் கொடுக்க வேண்டாம்.

நடையைப் பொறுத்தவரை, நான்கு கால்களுடன் நிற்கும் நாய் தன் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களில்தான் சுமக்கிறது. 18 கிலோ நாயென்றால் அது ஏறத்தாழ 11 கிலோ. இரண்டு கால்கள் பகிர்ந்துகொண்ட அந்தச் சுமையின் பெரும்பகுதி இப்போது இடது முன்னங்காலில் இறங்குகிறது. மீதியைப் பின்னங்கால்கள் மெல்ல மெல்ல வாங்கிக்கொள்ளும். எனவேதான் பின்னங்கால் இழப்பைவிட முன்னங்கால் இழப்புக்குப் பழக்கம் சற்றே கூடுதலாகத் தேவைப்படுகிறது. பாலையும் பிஸ்கட்டையும் இன்றே நிறுத்தச் சொல்வதும் இதனால்தான். விலா எலும்புகளைத் தடவினால் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். இரண்டு கிலோ கூடினாலும் அது அந்த ஒற்றைத் தோளிலும் பாதத்துக்கு மேலுள்ள மூட்டிலும்தான் போய் உட்காரும். பின்னாளில் மூட்டுத் தேய்மானமாக வெளிப்படும்.

மாடிப்படியை ஒரு பலகை வைத்து மறித்துவிடுங்கள். ஏறுவதைவிட இறங்குவதே செம்பிக்கு ஆபத்து, ஏனெனில் இறங்கும்போது பாரம் முன்னே பாயும். தையல் பிரிக்கும்வரை 5 நிமிடத்துக்கு மேல் நடத்த வேண்டாம். பிறகு வாரந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மூன்றுகால் நாய்க்கு மெதுவாக நடப்பதுதான் கடினம், துள்ளி ஓடுவது எளிது. ஓடுகிறதே, நலமாகிவிட்டது என்று ஏமாந்து அதிக தூரம் கூட்டிச் செல்லாதீர்கள். அது வழியில் உட்கார்ந்தால் நீங்களும் நின்றுவிடுங்கள். கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுக்காமல் மார்புப் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். காயம் ஆறியபின், தையல் தழும்பில் உரசாத வகையாகப் பார்த்து மாட்டுங்கள். வெயில் நேரத்தில் தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை வைத்து 5 விநாடி பொறுக்க முடியாவிட்டால், அன்று அந்த நேரத்தில் நடை வேண்டாம்.

செயற்கைக்கால் பற்றி அடுத்துக் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். தோள்பட்டையோடு எடுத்தபின் அதைப் பொருத்த அடிக்கட்டை இல்லை. மற்ற மூன்று கால்களும் நலமாக உள்ள 4 வயது நாய்க்குச் சக்கர வண்டியும் தேவையில்லை.


மூன்றாம் மாடி எழுதியது:

கோவைக்காரன் ஐயா சொல்வதில் ஒன்றை மட்டும் மறுக்க விரும்புகிறேன். தூக்கவே கூடாது என்பது இளம் நாய்களுக்குப் பொருந்தும்; எல்லாவற்றுக்கும் பொருந்தாது. எங்கள் லாப்ரடாருக்கு எலும்புப் புற்றுநோய் வந்து பின்னங்காலை எடுத்தபோது அதற்கு வயது 9, எடை 38 கிலோ. சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சிகிச்சைக்காகப் போய்வந்த நாட்களில், பெரிய குளியல் துண்டு ஒன்றை வயிற்றின் கீழே கொடுத்து இரு முனைகளையும் மேலே பிடித்துக்கொண்டு நடத்துவோம். தூக்குவதன்று அது, விழுந்தால் பிடிக்க ஒரு கை இருக்கிறது என்ற துணிவை மட்டும் கொடுப்பது. செம்பிக்கு மார்பின் கீழ் தையல் இருப்பதால் இப்போது துண்டு வேண்டாம். ஆறியபின் கூடத்தைக் கடக்க நான்கைந்து நாள் அப்படி உதவலாம்.

எங்களுக்கு அது காலை இழந்தபின் 11 மாதங்கள் கிடைத்தன. அறுவைக்கு முன்பே எடையைக் குறைத்திருந்தால் அந்த மாதங்கள் அதற்கு இன்னும் இலகுவாக இருந்திருக்கும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. பிஸ்கட்டுக்குப் பதிலாக வேகவைத்த கேரட் துண்டுகளை அம்மாவிடம் கொடுத்துப் பாருங்கள். கொடுக்கும் கைக்கும் ஒரு வேலை வேண்டும் அல்லவா.


உறையூர்வாசி எழுதியது (5 வாரங்களுக்குப் பிறகு):

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. மருத்துவரிடம் கேட்டு நரம்புவலிக்கான மாத்திரையைச் சேர்த்தபின், ஏறக்குறைய ஒரு வாரத்தில் இரவு அலறல் குறைந்து, இப்போது நின்றுவிட்டது. மாத்திரையை அவரே படிப்படியாகக் குறைத்து வருகிறார். தையல் 13ஆம் நாள் பிரிக்கப்பட்டது.

யோகா விரிப்புகள் 5 தேவைப்பட்டன. முதல் நாள் செம்பி விரிப்பின் விளிம்பில் நின்று, அதைக் காலால் இருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஏறியது. வலப்பக்கம் சடாரெனத் திரும்பினால் மட்டும் இன்னும் தடுமாறுகிறது. இடப்பக்கமாகச் சுற்றி வந்து திரும்பும் தந்திரத்தைத் தானே கண்டுபிடித்துக்கொண்டது. எலும்பை இரு கால்களுக்கும் நடுவே பிடித்துக் கடித்த பழக்கம் போய், இப்போது சுவர் மூலையில் தள்ளி ஒற்றைக் காலால் அழுத்திக்கொண்டு கடிக்கிறது. நேற்றுப் பார்த்ததில் எடை 16.8 கிலோ.

அம்மா கேரட் யோசனையை ஏற்றுக்கொண்டார். தூக்குவதை நிறுத்த மட்டும் மேலும் இரண்டு வாரம் பிடித்தது. சென்ற ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் செம்பி ஒற்றை முன்னங்காலால் மண்ணைத் தோண்டி, சமநிலை தவறி முகவாய் குழிக்குள் விழ, அப்படியே எழுந்து மீண்டும் தோண்டி, அம்மா வளர்த்த கனகாம்பரச் செடியை வேரோடு சாய்த்துவிட்டது. அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கொல்லை முழுவதும் அதைத் துரத்தினார். அவரால் அதைப் பிடிக்க முடியவில்லை.